வலென்சியாவில் ஒரு நல்ல நாள்

ஸ்பெயினுக்குப் போய்வந்த முதல் ஆட்கள் கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் முரசுமோட்டையில் நாங்கள்தான். அந்தப் பெருமையை யாராவது தூக்கிக்கொண்டு போவதானால் படலையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

வெளிநாடு போய்வந்தவர் வீட்டில் பின்னேரம் நாலு பேர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருப்பது எங்கள் ஊர் வழக்கம். வந்தவர்களுக்குச் சவர்க்காரக் கட்டியும் சொக்கலேற்றும் கொடுக்கவேண்டும், அதோடு கதையும் சொல்லவேண்டும். கனடாவும் லண்டனும் இங்கே எல்லாருக்கும் தண்ணீர்பட்ட பாடு. ஸ்பெயின் புதிது. என் கணவர் கதிர்காமநாதனோடு வாய்க்கால் கமிட்டியில் இருக்கும் வீரகத்தி அண்ணர் முதல் ஆளாக வந்து, அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டார். சோறுதான் அந்த ஊரின் பெருமையே என்றேன். சனம் வாயைப் பிளந்து கேட்டது. என் கணவரோ அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இவருக்குப் பயணக் களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஒரே மகன் ஜெயந்தனைப் பார்க்கப் போனோம். அதை அன்றைக்கு வந்திருந்த ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜெயந்தன் சண்டை முடிந்த இரண்டாம் வருடம், இருபத்தொரு வயதில் பிரான்சுக்குப் போனவன். பதினான்கு வருடம் ஆயிற்று. அகதி வழக்கு மூன்று தரம் தள்ளுபடியாகி, பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு விசா இல்லாமல் காலம் தள்ளினான். அவன் இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. நாங்கள் அங்கே போக இரண்டு தரம் விசா கேட்டோம், இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். இதற்குள் சுதர்சினி என்ற பிள்ளையை அங்கேயே கட்டினான். ஜெயபுரத்தில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பெண், நல்ல பிள்ளை. அவளுடைய வழக்கும் இன்னும் இழுபடுகிறது. சாதகம் பார்க்காமல் கட்டிவிட்டான் என்று இவர் ஒரு வருடம் மகனோடு கதைக்கவில்லை. பேர்த்தி யதுர்ஷிகா பிறந்த பிறகுதான் போனைக் கையில் வாங்கினார். அவளுக்கு இப்போது ஆறு வயது.

ஸ்பெயின் என்ற யோசனை என்னுடையது. நான் முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வெடுத்தவள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் குழுவாகச் சுற்றுலா கூட்டிப்போகும் ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வலென்சியாவில் எட்டு நாள் என்று அவருடைய பட்டியலில் இருந்தது. ஜெயந்தனின் கூட்டாளி தர்சனுக்கு வலென்சியாவில் மச்சான் முறையில் ஒருவன் உண்டு. தர்சனிடம் விசா இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தரம் குடும்பத்தோடு காரில் அங்கே போய்வருவான், எல்லையில் ஒருநாளும் ஒருவரும் மறித்ததில்லை. அந்தக் காரின் பின் சீற்றில் ஜெயந்தன் ஏறி வரவேண்டியது, நாலைந்து நாள் எங்களோடு நிற்கவேண்டியது, அதே காரில் பெண்சாதி பிள்ளையிடம் திரும்பவேண்டியது. அவ்வளவுதான் திட்டம். குழுவாகக் கேட்டதால் எங்களுக்கு விசா கிடைத்தது. கடிதம் வந்த அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, யாரோ செத்துப்போனார்கள் என்று பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். தர்சன் செவ்வாய்க்கிழமை விடியக் கார் எடுப்பதாக இருந்தது. திங்கட்கிழமை பின்னேரம் ஜெயந்தன் போன் எடுத்து, உடுப்பு அடுக்கிவிட்டேன், நாளை இரவு உங்களோடு சாப்பாடு என்றான். அந்த நேரம் பார்த்து இவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். அந்தச் சின்ன வாக்கிய பஞ்சாங்கம் இல்லாமல் இவர் கிளிநொச்சிச் சந்தைக்கும் போகமாட்டார். வாய்க்காலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் விடும் நாள் வந்தாலும் அதிகாரிகளின் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார். செவ்வாய் அட்டமி. புதன் நவமி. வியாழன் விஜயதசமி.

"தம்பி, செவ்வாய்க்கிழமை, அதுவும் அட்டமி. அதிலை பயணம் வெளிக்கிடாதை. வியாழன் விடிய வெளிக்கிடு, விஜயதசமி."

"அப்பா, பொலிஸ்காரன் பஞ்சாங்கம் பாக்கிறேல்லை. தர்சன் நாளைக்குப் போறான். வியாழனெண்டா நான் தனியப் பஸ்ஸிலைதான் வரவேணும்."

"நாள் செய்யிறதை நல்லார் செய்யார். கலியாணத்துக்குத்தான் நீ என்னைக் கேக்கேல்லை. இதையெண்டாலும் கேள்."

சரி அப்பா, வியாழன் வாறன் என்றான் ஜெயந்தன்.

தர்சனின் காரை ஒருவரும் மறிக்கவில்லை. புதன் பின்னேரம் அவன் பெண்சாதி பிள்ளைகளோடு எங்கள் ஹோட்டலுக்கு வந்து, பின் சீற்றில் ஒரு இடம் வெறுமையாகத்தான் வந்தது ரீச்சர் என்றான். வியாழக்கிழமை ஜெயந்தன் ஏறிய பஸ்ஸை எல்லைக்குக் கிட்ட மறித்து எல்லாருடைய தாள்களையும் பார்த்தார்கள். அவனை மட்டும் இறக்கினார்கள். வழக்குத் தோற்ற ஆளென்று கணினியில் கிடந்ததாம். மூன்று கிழமை ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். மூன்று வருடத்துக்கு ஐரோப்பாவில் கால் வைக்கக்கூடாது என்று தாளும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். நாங்கள் அவனைப் பார்க்கப் போனோம், அவனை இங்கேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை ஒரு வான் வந்து படலையில் நின்றது. பிளாஸ்ரிக் பையோடு இறங்கியவனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முன் தலை வெளித்து, வயிறு வைத்து, தகப்பனுடைய நடை நடந்து வந்தான். பதினான்கு வருடமாக நான் கனவு கண்ட நாள் அது. கட்டிப்பிடித்தேன். அவன் கை இரண்டும் தொங்கியபடியே இருந்தன. பார்க்க வந்த வீரகத்தி அண்ணர், மகன் வந்திட்டார் ரீச்சர், இனி என்ன குறை என்றார். அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ஜெயந்தன் எங்கள் இருவரையும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. நாலு நாள் விறாந்தைக் கதிரையில் இருந்தான், போட்டதைச் சாப்பிட்டான். தகப்பனும் மகனும் ஒரே வீட்டுக்குள் ஒருவர் நிற்கும் இடத்தை மற்றவர் சுற்றிப் போனார்கள். இவர் பஞ்சாங்கத்தைப் பயணப் பெட்டிக்குள் போட்டு மூடியவர், திறக்கவேயில்லை. அந்த முறை காலபோக நெல்லை நாள் பார்க்காமல் விதைத்தார். ஊரெல்லாம் அதுதான் கதை.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயந்தன் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, அங்கை முதல் நாள் என்ன பாத்தனீங்கள்?"

வந்தபின் அவன் வாயால் கேட்ட முதல் கேள்வி. எனக்கு வந்த சந்தோசத்தில் அடுப்பில் வைத்த பருப்பை மறந்துபோனேன். திங்கட்கிழமை பார்த்த, தண்ணீர் இல்லாத ஆற்றைப் பற்றிச் சொன்னேன். அந்த ஊரில் முன்னொரு காலம் ஆறு பெருகிச் சனத்தைக் கொன்றதாம். அதனால் ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, அது ஓடிய பள்ளம் முழுக்கப் பூங்கா வைத்திருக்கிறார்கள். தோடை மரமும் பனைச் சாதியும் நிற்கின்றன, பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள், தலைக்கு மேலே பழைய கல்லுப் பாலங்கள் சும்மா நிற்கின்றன. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு பெரிய மனிதன் மல்லாந்து கிடக்கிற மாதிரி ஒரு உருவம். அவனுடைய கையிலும் சட்டை மடிப்பிலும் ஏறிப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

ஜெயந்தன் கெட்டிக்கார மாணவன் மாதிரி கேட்டான். அந்த மனிதன் என்ன நிறம், தலைமயிரிலும் சறுக்கலாமா, மரத்தில் தோடம்பழம் பழுத்திருந்ததா, ஆர் பிடுங்குகிறார்கள். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின் வளவுக்கு நடந்தான். நாலரை மணி. பாரிஸில் மத்தியானம், புதன்கிழமை யதுர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கோழிக் கூட்டைச் சாத்தப் போன நான் அவன் கதைப்பதைக் கேட்டேன்.

"அப்பா இண்டைக்கு ஒரு ஆறு பாத்தனான் பிள்ளை. தண்ணியே இல்லாத ஆறு. அதுக்குள்ளை ஒரு பெரிய மனிசன் படுத்திருக்கிறான்."

கூட்டைச் சாத்தாமலே திரும்பி வந்தேன். அன்றிரவு சுதர்சினிக்குப் போன் எடுத்தேன். விஷயம் அப்போதுதான் விளங்கியது. அப்பம்மாவையும் அப்பப்பாவையும் பார்க்க அப்பா வலென்சியாவுக்குப் போகிறேன், ஞாயிறு வந்துவிடுவேன் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டவன். பிள்ளைக்கு இன்னும் அந்த ஞாயிறு வரவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லும், எனக்கு வழக்கு நடக்கிற நேரம் மாமி, அதோடை அவள் இரவிலை படுக்கமாட்டாள் என்று சுதர்சினி அழுதாள். ஊர் நல்லாயிருக்குது, பார்த்து முடித்துவிட்டு வாறன் என்று சொல்வதாக இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். சனிக்கிழமை காலமை எழும்பியதும் திங்களுக்கு அடுத்து செவ்வாய் என்ன பார்த்தோம் என்று யோசிக்கத் தொடங்கினேன். முப்பத்தொரு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை. அங்கே பார்த்த ஒரு நாளை இரண்டாக, மூன்றாகப் பிரித்தேன். பிள்ளை வீட்டில் நிற்கும் புதனுக்கு ஒரு துண்டு, சனிக்கு ஒரு துண்டு, ஞாயிறுக்கு ஒரு துண்டு.

செவ்வாய்க்கிழமை பார்த்தது சந்தை. கோயில் மாதிரி உயரக் கூரை, நிறக் கண்ணாடி, அதற்குக் கீழே மீனும் நத்தையும் மரக்கறியும். பன்றித் தொடைகளைக் குளம்போடு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இவர் விரதக்காரர், கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்தார். வழிகாட்டிப் பெண் எங்களை ஒரு கடையில் இருத்தி, பால் மாதிரி வெள்ளையாக, குளிராக, இனிப்பாக ஒன்று குடிக்கத் தந்தாள். அதில் தோய்த்துச் சாப்பிட நீளப் பணிஸ். என்ன பால் என்று இவர் கேட்க, அவள் ஒரு கிண்ணத்தில் கிழங்கு கொண்டுவந்து காட்டினாள். பார்த்தால் கோரைக்கிழங்கின் சாதி. நாங்கள் வயலில் குனிந்து பிடுங்கி எறிகிறதை இவங்கள் காசுக்கு விக்கிறாங்கள் என்று இவர் சிரித்த சிரிப்பை நான் அப்படியே ஜெயந்தனுக்குச் செய்து காட்டினேன். அவன் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்துபோயிற்று. அந்தச் சிரிப்பும் பின் வளவுக்கு, போனுக்குத்தான் போனது.

புதன்கிழமை பார்த்தது வயல். ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பெரிய ஏரி, அதைச் சுற்றி வெட்டுக்கு நிற்கும் நெல். இவர் பஸ் நிற்கமுதல் இறங்கப் பார்த்தார். வரம்பில் குந்தி ஒரு நெற்கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி, மணியைக் கடித்துப் பார்த்து, குறுணல் மாதிரிக் கட்டை நெல், ஆனால் பதர் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சுளகு அகலத் தட்டைச் சட்டியில், விறகு நெருப்பில், குங்குமப்பூவோடு சோற்றை வேகவைத்தார்கள். மூடுவதுமில்லை, கிண்டுவதுமில்லை. முயல் இறைச்சி போட்டதுதான் அசலாம். எங்களுக்குப் பயற்றங்காய் போட்டுத் தனிச் சட்டி. எல்லாரும் சட்டியைச் சுற்றியிருந்து அவரவர் பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டுவதற்கு அடிபட்டார்கள். எங்கள் வீட்டில் அடிப்பிடித்தால் என் மாமியார் ஒரு கிழமை சொல்லிக்காட்டுவார். இதைச் சொன்னபோது ஜெயந்தன் அடிச்சோறு என்ன ருசி என்று கேட்டான். நான் சாப்பிடவில்லை என்றேன். உனக்குக் கொடுப்பதற்கென்று ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

இப்படி ஐந்து கிழமை போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. பதினான்கு வருடத்துக்குப் பிறகு என் பிள்ளை என் முன்னால் இருந்து நான் சொல்வதைக் கேட்டான். இந்தப் பொய் முடிந்தால் அவன் மறுபடி விறாந்தைக் கதிரைக்குப் போய்விடுவான் என்று பயந்தேன். அதனால் துண்டுகளைச் சின்னதாக்கினேன். மூன்று வருடத்துக்கு எத்தனை துண்டு வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமைப் பாடத்தை மட்டும் எடுக்க மனமில்லை. வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை எடுத்தேன். அந்த வியாழன் காலமை, சுப நேரத்தில், பஸ்ஸில் ஏறிட்டன் என்று ஜெயந்தனின் செய்தி வந்தது. இவர் புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டார். பெரிய தேவாலயத்தின் வாசலில் ஒவ்வொரு வியாழனும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் வழக்கு நடக்கும் என்று கூட்டிப்போனார்கள். கறுப்புச் சட்டை போட்ட எட்டுக் கமக்காரர் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். ஒருவன் நின்று ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகக் கூப்பிட்டு, முறைப்பாடு உண்டா என்று கேட்டான். ஒருவரும் வரவில்லை. எழும்பிப் போய்விட்டார்கள். எழுத்து இல்லை, தாள் இல்லை. ஆயிரம் வருடமாக இப்படித்தானாம். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வாய்க்கால் கூட்டத்தில் கதிரை பறக்கும். இதைத் தம்பிக்குக் காட்டவேணும், அடுத்த வியாழன் வரைக்கும் நிக்கேலாதே என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். தெருவில் என் கையைப் பிடித்தது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தரம்.

இதைச் சொல்லி முடித்தபோது ஜெயந்தன் தலையைக் குனிந்திருந்தான்.

"அப்பா அவ்வளவு சந்தோசமா நிண்டவரோ?"

ஓம் என்றேன். அவன் எழும்பிப் போனான். அந்தத் துண்டையும் பிள்ளைக்குச் சொன்னான்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும். நடந்தது எல்லாவற்றையும் இவர் தலையில் போட்டு, நாட்கணக்காக வாயால் கொன்றவள் நான். பஞ்சாங்கம் பார்த்துப் பிள்ளையை விற்றீர்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இவர் ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை தகப்பனோடு கதைத்து முடித்த ஜெயந்தன் தனியாக எனக்கு ஒரு தரம் போன் எடுத்தான். அம்மா, நீங்கள் அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, எனக்குப் பஸ்ஸிலை வரப் பயமாக்கிடக்கு என்றான். ஒவ்வொரு விஜயதசமிக்கும் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுதுவித்தவள் நான். அந்த நாளில் தொடங்கியது ஒன்றும் பிழைக்காது என்று மனதார நம்பினேன். அதைவிட, தகப்பனும் மகனும் ஒரு சொல்லில் ஒத்துப்போன அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பா சொல்றதைக் கேள் ராசா, இரண்டு நாள்தானே என்றேன். அந்த வாயால்தான் இன்றைக்கும் சோறு தின்கிறேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை. விடியத் தொடங்கிய மழை விடவில்லை. மத்தியானம் ஜெயந்தன் வந்து, வெள்ளிக்கிழமை என்ன பார்த்தீர்கள் என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை பார்த்தது பஸ் நிலையம். விடிய ஆறு மணிக்கே போய்விட்டோம். பயற்றம் பணியாரப் பெட்டி என் மடியில். பாரிஸ் பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தோம். கடைசி ஆள் இறங்கியபின் இவர் பஸ்ஸுக்குள் ஏறிச் சீற்றுகளுக்குக் கீழேயும் பார்த்தார். சாரதி ஏதோ சத்தம் போட்டான். அப்போதுதான் சுதர்சினியின் அழைப்பு வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் எங்களை எங்கெங்கோ கூட்டிப்போனார்கள். என் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை. இதை ஜெயந்தனுக்கு எப்படிச் சொல்வேன்? உள்ளே போய்ப் பையைக் கிளறி, வழிகாட்டிப் பெண் தந்த ஒரு மடிப்புத்தாளை எடுத்து, அதிலிருந்த படங்களைப் பார்த்து வாசித்தேன். வெள்ளை எலும்புக்கூடு மாதிரிக் கட்டடங்கள். கண்ணாடிக் குகைக்குள் நடந்தால் தலைக்கு மேலே சுறா நீந்தும். தாளில் அதற்குமேல் ஒன்றுமில்லை. ஜெயந்தன் அந்தத் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விளங்கிவிட்டது அவனுக்கு.

நாலரை மணிக்குப் போன் வந்தது. மழையில் வெளியே போக முடியாது. தகரத்தில் விழும் மழைச் சத்தத்துக்குக் காதில் வைத்தால் கேட்காது என்று விறாந்தையிலேயே ஸ்பீக்கரில் போட்டான். கதவு நிலையில் சாய்ந்தபடி இவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலகிப் போக அவருக்கும் இடமில்லை.

யதுர்ஷிகா, அங்கே மழையா என்று கேட்டாள். ஓம், நல்ல மழை என்று ஜெயந்தன் சொன்னான். அது ஒன்றுதான் உண்மை. பிறகு சுறாவின் கதையைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, தான் பாடமாக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக ஒப்புவித்தாள். ஆறு பாத்திட்டீங்கள், படுத்திருக்கிற மனிசன் பாத்திட்டீங்கள், கோரைப் பால் குடிச்சிட்டீங்கள், வயல் பாத்திட்டீங்கள், தண்ணி வழக்கும் பாத்திட்டீங்கள், இப்ப மீனும் பாத்திட்டீங்கள். ஒன்றையும் விடவில்லை. என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்ததில்லை.

"எல்லாம் முடிஞ்சுதுதானே அப்பா. நாளைக்கு வாங்கோ."

ஜெயந்தன் என்னைப் பார்த்தான். என்னிடம் ஒரு துண்டும் இல்லை. நாளைக்கு ஏலாது பிள்ளை என்றான். ஏன் என்று கேட்டாள். மழை என்றான். அப்ப மழை விட வாங்கோ என்றாள். வேறு ஒன்றும் வராமல்தான் அவன் அடுத்ததைச் சொன்னான். தகப்பனைக் குத்தச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

"நல்ல நாள் பாத்துத்தான் பிள்ளை வெளிக்கிடவேணும்."

"அது அப்பப்பாவுக்குத்தானே தெரியும். அப்பப்பாவிட்டைக் குடுங்கோ."

வந்த நாள் தொடக்கம் தகப்பனோடு ஒரு சொல் கதைக்காத என் மகன் போனை அவர் பக்கம் நீட்டினான். இவர் அதைத் தொடவில்லை. திரும்பி உள்ளே போனார். கட்டிலுக்குக் கீழேயிருந்து பெட்டியை இழுக்கிற சத்தமும் அதைத் திறக்கிற சத்தமும் கேட்டன. பஞ்சாங்கத்தோடு வந்து போனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கண்ணாடியைப் போட்டார். கார்த்திகையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இறங்கினார். மார்கழி. தை. தையில் எத்தனையோ நல்ல நாள் இருக்கிறது, எனக்கே தெரியும். விரல் நிற்கவில்லை. மாசியும் போய்ப் பங்குனியும் போயிற்று. அவருடைய கண்ணீர் தாளில் விழுந்து மை ஊறியது. விரலால் துடைத்துவிட்டுத் தாளைத் திருப்பினார். பின் அட்டைதான் இருந்தது.

அப்பப்பா நிக்கிறீங்களோ என்று பிள்ளை கேட்டாள்.

"நிக்கிறன் குஞ்சு," என்றார் இவர். "இதிலை நாள் இல்லை. அடுத்த வருசத்துப் பஞ்சாங்கம் இன்னும் வரேல்லை."